பென்ஷன் வந்தாச்சு, இனி யாரிடம் போவது? சைனிக் போர்டு, டெக்ஸ்கோ, டிஜிஆர், ஊர்ச் சங்கம்: ஓர் ஒப்பீடு

சிப்பாயாகச் சேர்ந்தவர் பென்ஷன் வரும்போது வயது பெரும்பாலும் 35க்கும் 45க்கும் நடுவில்தான் இருக்கும். பிள்ளைகள் பள்ளியில் படிப்பார்கள், வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். வேலூர் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர் இருக்கும் ஊர் என்றால் விவரம் கேட்க எதிர்வீட்டிலேயே ஆள் உண்டு. மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் குழுதான் கதி. அங்கே ஒருவர் "டெக்ஸ்கோவில் உடனே பதிந்துவிடுங்கள்" என்பார், இன்னொருவர் "அது வேண்டாம், அரசு வேலைக் கோட்டா போய்விடும்" என்பார், மூன்றாமவர் சங்கத்துச் சந்தா ரசீதை நீட்டுவார்.

தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறவருக்குக் கைகொடுக்க நான்கு வகை அமைப்புகள் இருக்கின்றன: சைனிக் போர்டு எனப்படும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், முன்னாள் படைவீரர்களை வேலைக்கு அனுப்பும் மாநில அரசு நிறுவனமான டெக்ஸ்கோ, டெல்லியிலுள்ள மறுவாழ்வு இயக்ககமான டிஜிஆர், முன்னாள் படைவீரர்களின் ஊர்ச் சங்கம். ஒன்று செய்வதை மற்றொன்றால் செய்ய முடியாது. அதனால் எதில் சேருவது என்பதைவிட எதை முதலில் செய்வது, எதை எதற்காக நம்புவது என்று கேட்பதுதான் பயன் தரும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் அதிகாரம். அந்த அமைப்பு கொடுக்கும் காகிதம் அரசு அலுவலகத்தில் செல்லுமா, அல்லது வெறும் பரிந்துரையா? இரண்டாவது, முதல் சம்பளம் எவ்வளவு சீக்கிரம் கைக்கு வரும். மூன்றாவது, கையை விட்டுப் போகும் பணமும் நாளும். நான்காவதை யாரும் கேட்பதில்லை: நாளை நீங்கள் இல்லாவிட்டால் உங்கள் மனைவிக்காக யார் அலுவலகப் படி ஏறுவார்கள்? ஐந்தாவது, முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு. குழப்பம் இதில்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10%, பழைய குரூப் டி பணிகளில் 20% முன்னாள் படைவீரர்களுக்கு. பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும் இது 14.5%, 24.5%. இதற்குள் 4.5% ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் உரியது. தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 5%. மத்திய அரசின் இந்தப் பணிகளுக்கு வயதை இப்படிக் கணக்கிடுகிறார்கள்: உண்மை வயதிலிருந்து படையில் இருந்த ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். மீதி, அந்தப் பணிக்கான உச்ச வயதை 3 ஆண்டுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். 41 வயதுக்காரர் 22 ஆண்டு சர்வீஸ் போட்டிருந்தால் கணக்கில் அவருக்கு வயது 19. பத்தாம் வகுப்புடன் 15 ஆண்டு சர்வீஸ் இருந்தால், தொழில்நுட்பம் தேவைப்படாத குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்கு நிகராக எடுத்துக்கொள்கிறார்கள். பணியில் சேரும்போது, அதிகாரி அல்லாதவர்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்கையில் பென்ஷனைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் இந்தச் சலுகையை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். ஒதுக்கீட்டில் நிரந்தர அரசுப் பணியில் சேர்ந்த அன்றே, அடுத்த அரசு வேலைக்கு நீங்கள் முன்னாள் படைவீரர் இல்லை. கிளார்க் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும்போது கையில் கிடைத்த கடைநிலைப் பணியில் அவசரமாகச் சேர்ந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இதற்கு ஒரு வழியும் இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 14 தேதியிட்ட மத்திய பணியாளர் துறை ஆணைப்படி, முதல் பணியில் சேர்வதற்கு முன்பே வேறு எந்தெந்தப் பணிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்பதைத் தேதிவாரியாகச் சுய அறிவிப்பாக எழுதி, சேர்ந்தவுடன் அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், அந்த விண்ணப்பங்களுக்கு மட்டும் சலுகை தொடரும். கொடுத்ததற்கு முத்திரையுடன் நகல் வாங்கி வையுங்கள். ஒப்பந்த வேலை, தற்காலிக வேலை, தனியார் வேலை ஆகியவை இந்தச் சலுகையைத் தொடுவதில்லை. டெக்ஸ்கோவால் கோட்டா போய்விடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை.

## மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்

பேச்சில் சைனிக் போர்டு, எக்ஸ் சர்வீஸ்மேன் ஆபீஸ். டெல்லியில் கேந்திரிய சைனிக் போர்டு, சென்னையில் மாநில இயக்ககம், மாவட்டத்தில் உதவி இயக்குநர் அலுவலகம் என்று அடுக்கு. இது சங்கம் இல்லை, அரசு அலுவலகம். அதனால்தான் இவர்கள் கையெழுத்துக்கு மதிப்பு. அடையாள அட்டை, வேலைவாய்ப்புப் பதிவு, பிள்ளைகளின் கல்லூரி ஒதுக்கீட்டுக்கான சார்ந்தோர் சான்று, பிரதமர் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தின் சரிபார்ப்பு, கொடிநாள் நிதியிலிருந்து வரும் உதவிகள் என்று எல்லாமே இந்த வாசல் வழியாகத்தான். மற்ற மூன்றில் எதைத் தேர்ந்தாலும் இந்தப் பதிவை முதல் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும்.

எடுத்துப் போக வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை), ஆதார், பான், வங்கி பாஸ்புக், கல்விச் சான்றுகள், உங்கள் படமும் மனைவியுடன் சேர்ந்த படமும். எல்லாவற்றிலும் அசலும் இரண்டு நகல்களும்.

வேலை நின்றுபோவது பெரும்பாலும் பெயரில். டிஸ்சார்ஜ் புக்கில் "முருகன் கே", ஆதாரில் "முருகன் கந்தசாமி", பள்ளிச் சான்றில் "க. முருகன்". மனைவி பெயர் பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவரங்களைப் படையில் பதியும் ஆணை) "செல்வி", ஆதாரில் "தமிழ்ச்செல்வி". இரண்டாவது பிள்ளையின் பிறந்த தேதி பார்ட் டூ ஆர்டரில் ஒன்று, நகராட்சிச் சான்றில் ஒன்று. இனிஷியலை விரித்து எழுதும் வடக்கத்திப் படிவங்களுக்கும் நம் ஊர் வழக்கத்துக்கும் உள்ள உரசல் இது. மாவட்ட அலுவலகத்தால் இதைத் திருத்த முடியாது, உங்கள் படைப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பத்தான் முடியும். சர்வீசில் இருக்கும்போது யூனிட் கிளார்க் பக்கத்திலேயே இருப்பார், ஆர்டர் போட்டு முடித்துவிடலாம். வெளியே வந்தபின் அதே வேலைக்கு அஃபிடவிட், விண்ணப்பம், நினைவூட்டல் கடிதம் என்று மாதங்கள் ஓடும். பென்ஷன் வர ஒரு வருடம் இருக்கும்போதே ஆதாரையும் பார்ட் டூ ஆர்டரையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

பண உதவிகளில் எதிர்பார்ப்பை அளவோடு வைப்பது நல்லது. 2025 நவம்பர் 1 முதல் பாதுகாப்பு அமைச்சரின் நல நிதி உதவிகள் இரட்டிப்பாகியுள்ளன. கல்வி உதவி பிள்ளைக்கு மாதம் ரூ.2,000 (இரண்டு பிள்ளைகள் வரை), மகள் திருமண உதவி ரூ.1 லட்சம், வறுமை உதவி மாதம் ரூ.8,000. இவை ஹவில்தார் வரையிலான ரேங்குக்கு. வறுமை உதவி, பென்ஷனே இல்லாத 65 வயது கடந்தவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் உரியது. பென்ஷன் வாங்குபவர் அதற்கு அலைய வேண்டாம். பிரதமர் கல்வி உதவித்தொகை மாணவிக்கு மாதம் ரூ.3,000, மாணவனுக்கு ரூ.2,500. தொழிற்படிப்பின் முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், தகுதித் தேர்வில் 60% இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் நினைவுக்கு வந்து பயனில்லை.

சொந்தத் தொழில் யோசிப்பவருக்கு மாநில அரசின் "முதல்வரின் காக்கும் கரங்கள்" திட்டமும் இந்த அலுவலகம் வழியே. ரூ.1 கோடி வரை வங்கிக் கடன், 30% மூலதன மானியம், 3% வட்டி மானியம். மானியம் கடனோடு ஒட்டியது என்பதை மறக்கக் கூடாது. வங்கி மேலாளர் திட்ட அறிக்கையை ஏற்காவிட்டால் மானியமும் கிடையாது. சர்வீசில் வாங்கிய பர்சனல் லோன் தவணைகள் தவறியிருந்தால் அது இங்கே வந்து நிற்கும்.

பலவீனம் வேலைவாய்ப்பு. பதிவு மூப்புப்படி பெயர் போகும், மாவட்டத்தில் காலியிடம் வந்தால்தான் அழைப்பு. புதுப்பிக்க மறந்தால் மூப்பும் போய்விடும். இதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. கேன்டீன் கார்டும் இசிஹெச்எஸ் மருத்துவ அட்டையும் இவர்கள் வேலை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். அதற்காக இங்கே வந்து சண்டை போட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய.

## டெக்ஸ்கோ

1986இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு நிறுவனம். அரசு அலுவலகங்கள், மின்வாரியம், பொதுத்துறை நிறுவனங்கள் கேட்கும் காவலர்களையும் பிற பணியாளர்களையும் முன்னாள் படைவீரர்களிலிருந்து அனுப்புகிறது. முதல் சம்பளம் சீக்கிரம் வேண்டும் என்றால் நான்கில் இதுதான் முன்னே நிற்கும். பி.எஃப். பிடித்தம் முறையாக நடக்கும். சம்பளம் அரசு நிறுவனத்தின் வழியாக வருவதால் ஏஜென்சிக்காரர் கம்பி நீட்டும் பயம் இல்லை.

மறைந்திருக்கும் விலை வேறு வகை. சம்பளம் பணியிடத்துக்கு, ரேங்குக்கு இல்லை. நேற்றுவரை "சாப்" என்று அழைக்கப்பட்ட சுபேதாரும் சிப்பாயாக வந்தவரும் ஒரே கேட்டில் ஒரே தொகைக்கு நிற்பார்கள். 25 வயது இளநிலை உதவியாளர் பைக்கில் வரும்போது எழுந்து கேட் திறக்க வேண்டும். இது பலருக்கு முதல் மாதத்தில் தொண்டையில் சிக்கும். சேர்வதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. இன்னொன்று, வேலை கொடுத்த நிறுவனம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால் நீங்கள் மறுபடி வரிசையில். காலியிடம் உங்கள் ஊர்ப் பக்கமே வரும் என்றும் இல்லை. தங்க இடம், சாப்பாடு, பஸ் என்று கழித்தபின் மிச்சம் எவ்வளவு என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

டெக்ஸ்கோவில் இடம் கிடைக்கும்வரை தனியார் செக்யூரிட்டிக்குப் போகிறவர்கள் மூன்றைப் பார்க்க வேண்டும்: 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி அந்த ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா, உங்கள் பெயரில் பி.எஃப். யுஏஎன் எண் போட்டார்களா, 12 மணி நேர ஷிஃப்டில் மிகுதி 4 மணி நேரத்துக்குக் கூடுதல் சம்பளம் உண்டா. "மொத்தமாக இவ்வளவு" என்று மட்டும் சொல்கிற இடத்தில் அந்த 4 மணி நேரம் இலவசம் என்று அர்த்தம். துப்பாக்கி உரிமம் இருந்தால் பணம் ஏற்றும் வண்டி, வங்கி ஆகியவற்றில் கன்மேனாகச் சேரலாம், சம்பளமும் கூடும். உரிமத்துக்கு ஆட்சியர் அலுவலகத்தில், மாநகரம் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரணை முடிந்து வரக் காலம் பிடிக்கும்.

## டிஜிஆர், ஏடபிள்யூபிஓ

டெல்லி ஆர்.கே. புரத்தில் இருக்கும் மறுவாழ்வு தலைமை இயக்ககம்தான் டிஜிஆர். இதன் உண்மையான பயன் சர்வீசின் கடைசிக் காலத்தில்: மறுவாழ்வுப் பயிற்சி. ஜேசிஓக்களுக்கும் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்) பிற ரேங்குகளுக்கும் கட்டணம் இல்லை, அதிகாரிகள் 40% கட்ட வேண்டும். இங்கே நடக்கும் தவறு எல்லா ரெஜிமெண்டிலும் ஒன்றுதான். எந்தப் பயிற்சி வேலை தரும் என்று பார்க்காமல், எது சொந்த ஊருக்குப் பக்கம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று மாதம் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும், சான்றிதழ் பீரோவில் கிடக்கும். ஹொசூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் என்ன ஆள் கேட்கிறார்கள் என்று முதலில் விசாரித்துவிட்டு, தீ மற்றும் தொழிற்சாலைப் பாதுகாப்பு போன்றவற்றில் உங்கள் டிரேடுக்குப் பொருந்துவதை எழுதிக் கொடுங்கள்.

டிஜிஆர் திட்டங்கள் என்று சுற்றிவரும் பட்டியலில் மதர் டெய்ரி கடை டெல்லி வட்டாரத்துக்கு மட்டும், நிலக்கரி ஏற்றும் திட்டம் வடக்கில் சுரங்கம் இருக்கும் பகுதிக்கு. திருநெல்வேலியில் குடியேறுகிறவருக்கு அவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தரைப்படையினருக்கு ஏடபிள்யூபிஓ என்ற வேலைவாய்ப்பு அமைப்பு, கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனி வேலைவாய்ப்புப் பிரிவுகள். கம்பெனிகளுடன் நேரடித் தொடர்பு இவர்களிடம்தான். வரும் வேலைகள் பெருநகரங்களில், அதிகாரி, ஜேசிஓ, தொழில்நுட்ப டிரேடு ஆகியோருக்குத் தோதாக. ஊரை விட்டு நகர முடியாதவர் இதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

## ஊர்ச் சங்கம்

1964இல் தொடங்கிய இந்தியன் எக்ஸ் சர்வீசஸ் லீக் தொடங்கி, தாலுகா அளவில் பதிவான சங்கங்கள் வரை நூறு வகை. அதிகாரம் என்று பார்த்தால் பூஜ்யம். ஆனால் பென்ஷன் காகிதம் என்று வந்துவிட்டால் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

ஒரே ரேங்க் ஒரே பென்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் டெல்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் வீரர்கள் போராட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் அது ஆணையானது. 2014 ஜூலை 1 முதல் அமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அதாவது 2019, 2024 ஜூலையில், திருத்தம். ஒவ்வொரு திருத்தத்திலும் அட்டவணை வரும். அதில் உங்கள் ரேங்க், குரூப், தகுதிச் சேவை ஆண்டு மூன்றும் சந்திக்கும் கட்டத்தில் இருக்கும் தொகையும் ஸ்பர்ஷ் (பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளம்) கணக்கில் காட்டும் தொகையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். சேவை ஆண்டு அரை வருடம் குறைவாகப் பதிவாகியிருந்தாலே கட்டம் மாறிவிடும். பிறகு திருத்திய பிபிஓ கேட்டு எழுத வேண்டும். கிளார்க் டிரேடிலிருந்து வந்த ஒருவர் சங்கத்தில் இருந்தால் இதைப் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஊனமுற்றோர் பென்ஷன் மறுக்கப்பட்டவருக்கும் இங்கேதான் வழி தெரியும். மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது, அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. கடிதத்தை "அப்புறம் பார்க்கலாம்" என்று டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து எடுத்து வருகிறவர்கள்தான் அதிகம்.

நான்காவது அளவுகோலில் சங்கம்தான் ஜெயிக்கிறது. பென்ஷன்தாரர் இறந்தால் இறப்புச் சான்றை ஸ்பர்ஷில் ஏற்றி, குடும்ப ஓய்வூதியத்தைத் தொடங்கவைத்து, ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தரவைப்பது வரை அந்த அம்மாவுடன் இ-சேவை மையத்துக்கு நடப்பது பக்கத்துத் தெரு ஹவில்தார்தான். மாவட்ட அலுவலகம் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்ளும், வீட்டுக்கு வராது.

விலை? சந்தா சிறியது. பெரிய விலைகள் ரசீதில் இருப்பதில்லை. நிலுவை வந்தால் அதில் பங்கு கேட்பவர்கள், வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குபவர்கள், ஸ்பர்ஷ் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கேட்பவர்கள் உண்டு. கம்யூட்டேஷன் தொகை (பென்ஷனில் ஒரு பகுதிக்கு ஈடாக மொத்தமாக வாங்கும் பணம்) கையில் இருக்கும் நேரம் பார்த்து "நம்ம ஆட்களுக்கு மட்டும்" என்று மனை விற்க வருபவரும் உண்டு. பென்ஷனில் 50% வரை கம்யூட் செய்த பணத்துக்குப் பிடித்தம் 15 ஆண்டு ஓடும் என்பதை மனை பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். சங்கம் இரண்டாகப் பிரிந்து இரண்டு தலைவரும் ஒரே நாளில் கூட்டம் போடுவதும் நம் ஊருக்குப் புதிதில்லை.

சேரும் முன் பதிவு எண்ணையும் போன ஆண்டுக் கணக்கையும் கேளுங்கள். அதைவிட நல்ல சோதனை: அந்தச் சங்கம் உதவிய இரண்டு விதவைகளைப் பார்த்துப் பேசுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மாவட்ட அலுவலகம் | டெக்ஸ்கோ | டிஜிஆர், ஏடபிள்யூபிஓ | ஊர்ச் சங்கம் |
|---|---|---|---|---|
| சான்று தரும் அதிகாரம் | உண்டு | இல்லை | தன் திட்டங்களுக்கு மட்டும் | இல்லை |
| முதல் சம்பளம் | தாமதம் | சீக்கிரம் | ஆளையும் ஊரையும் பொறுத்து | எதிர்பார்க்க வேண்டாம் |
| ஒதுக்கீட்டுக்குப் பாதிப்பு | நிரந்தர அரசுப் பணியில் சேர்ந்தால் தீரும் | இல்லை | தனியார் வேலைக்கு இல்லை | இல்லை |
| மறைந்த செலவு | அலைச்சல், பெயர்த் திருத்தம் | ரேங்குக்கு மதிப்பில்லை, ஒப்பந்த முடிவு | பயனற்ற பயிற்சி, இடப்பெயர்ச்சி | பங்கு கேட்பவர், மனை வியாபாரம் |
| மனைவிக்குத் துணை | விண்ணப்ப அளவில் | இல்லை | இல்லை | மிக அதிகம் |

## எந்த நிலையில் எது

சர்வீஸ் முடிய ஓராண்டுக்குள் இருப்பவர்: மத்திய அரசுப் பணிகளுக்கு இப்போதே விண்ணப்பிக்கலாம், கமாண்டிங் ஆபீசரிடம் என்ஓசி வாங்குங்கள். டிஜிஆர் பயிற்சியும் இப்போதே. சங்கம் காத்திருக்கும்.

கடன் தவணை கழுத்தை நெரிப்பவர்: மாவட்ட அலுவலகப் பதிவு முடிந்த கையோடு டெக்ஸ்கோ. வேலை பார்த்துக்கொண்டே தேர்வு எழுதலாம், சலுகை அப்படியே இருக்கும்.

படிக்கும் பழக்கம் விடாத, 40ஐ ஒட்டிய வயதுக்காரர்: முதல் ஒன்றரை வருடத்தை வங்கி, ரயில்வே, எஸ்எஸ்சி தேர்வுகளுக்கு ஒதுக்குவது லாபம். கணக்கிலும் ஆங்கிலத்திலும் விட்டுப்போனதைப் பிடிக்க ஆறு மாதமாவது வேண்டும். விண்ணப்பித்த தேதிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். மேலே சொன்ன சுய அறிவிப்புக்கு அதுதான் ஆதாரம்.

மருத்துவ காரணத்தால் வெளியேற்றப்பட்டவர்: சங்கத்தை முதலில் பாருங்கள், நாட்கள் எண்ணப்படுகின்றன. மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் நகல் கையில் இல்லையென்றால் ரெக்கார்ட் ஆபீசுக்கு இன்றே எழுதுங்கள்.

அக்னிவீரர் (அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டுக்குப் படையில் சேர்ந்தவர்): மேலே சொன்னதில் பெரும்பகுதி இவர்களுக்குப் பொருந்தாது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அணியினருக்கு 4 ஆண்டு 2026 கடைசியிலிருந்து முடியத் தொடங்கும். 25% வரை படையில் தொடரலாம். மற்றவர்களுக்குச் சேவா நிதியாகச் சுமார் ரூ.11.71 லட்சம் கிடைக்கும். பென்ஷன், இசிஹெச்எஸ், முன்னாள் படைவீரர் தகுதி எதுவும் திட்ட விதிகளில் இல்லை. அதனால் டெக்ஸ்கோவையோ முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டையோ நம்பித் திட்டமிட வேண்டாம். இவர்களுக்கென அறிவிக்கப்பட்டது மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஒதுக்கீடும் வயதுத் தளர்வும். அந்தத் தேர்வு அறிவிப்புகளைச் சர்வீசின் கடைசி ஆண்டிலிருந்தே கவனிக்க வேண்டும். வெளியே வரும்போது திறன் சான்றிதழைக் கையோடு வாங்கிவிட வேண்டும். சேவா நிதியை எதில் போடுவது என்ற முடிவை வேலை கையில் வரும்வரை தள்ளிப்போட வேண்டும். மனை விற்பவர்கள் இவர்களிடமும் வருவார்கள்.